ஸ்பிண்டில் ஆயில்

விஜயதசமியன்று காலை, கல்யாண மண்டப மேடையில் என் பியானோவின் மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறியது மில் வாசனை. நூல் நூற்கும் ரிங் பிரேம்களுக்குப் பக்கத்தில் போய் நின்றால் அடிக்குமே, அந்த எண்ணெய் வாசனை. கட்டைகளின் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கோயமுத்தூரில் பொட்டு வைக்காத பொருள் ஏது? துடைத்துவிடலாம். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தேன். கம்பிகளைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் இரும்பு முளைகள் அத்தனையும் பளபளவென்று நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் எண்ணெய் ஊறி மரத்துக்குள் இறங்கியிருந்தது.

அதனாலென்ன என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு ஊரே அப்படித்தான் கேட்டது. பியானோவின் கம்பி சுருதியில் நிற்பதற்கு ஒரே காரணம், அந்த முளைகளை மரம் இறுகக் கவ்விப் பிடித்திருப்பதுதான். எண்ணெய் பட்டால் பிடி போய்விடும். கம்பி தளரும், சுருதி இறங்கும், முறுக்கி ஏற்றினால் மறுபடி வழுக்கும். அந்த மரத்தையே பெயர்த்து எறிந்துவிட்டு வேறு மரம் வைக்கவேண்டும். அதைச் செய்கிற ஆள் இந்த நாட்டில் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அன்று மாலை அதில்தான் என் கச்சேரி.

என் பெயர் அம்புஜம். மில் முதலாளி சுந்தரராஜுலுவின் மகள். பிழைப்பு, பியானோ வாசிப்பது. ஊரில் இதைச் சொன்னால், "அது செரி, வேலை என்ன பண்றீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். பதினெட்டு வயதில் லண்டனுக்குப் படிக்கப் போனேன். பிறகு இருபது வருடமாக லைப்சிக், ப்ராக், லிஸ்பன் என்று ஊர் ஊராகச் சுற்றுகிறேன். வயலின்காரர் தன் வயலினைக் கையோடு தூக்கிக்கொண்டு போவார். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன ஊரில் எந்தப் பியானோவை நிறுத்தியிருக்கிறார்களோ, அதனோடு ஒரு காலைப்பொழுதில் சமாதானமாகி மாலையில் வாசிக்கவேண்டும். எத்தனையோ பியானோக்களில் வாசித்துவிட்டேன். என்னுடையது என்று சொல்ல இருந்தது இது ஒன்றுதான்.

அதுவும் தானாக வந்தது. ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் பங்களாவை விற்றார். இடத்துக்காக நைனா வாங்கினார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பங்களாவோடு பியானோவும் வந்து சேர்ந்தது. அதன் மேல் நூல் கோன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கோன்களைக் கீழே இறக்கிவிட்டு நான் வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்கிறேனா, தூசி தட்டுகிறேனா என்று நைனா திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இது மிகை இல்லை. என் கச்சேரி ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை. போன வருடம் மிலானில் நூற்பு இயந்திரக் கண்காட்சிக்கு வந்தார். அதே வாரம், அதே ஊரில் எனக்குக் கச்சேரி. அவருக்கும் கூட வந்தவருக்குமாக இரண்டு டிக்கெட்டை ஓட்டலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று சாயங்காலம் ஏதோ புது மெஷினை ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று அங்கே போய்விட்டார். முன்வரிசையில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தது. போனிலும் என்னோடு பேசமாட்டார். அம்மா இருந்தவரை அம்மா எடுப்பாள். அம்மா போன பிறகு தம்பி சசிதர் எடுப்பான். பின்னால் நைனாவின் குரல் மட்டும் வரும்: "நல்லா இருக்கறாளான்னு கேளு!" என்னிடமே கேட்டால் வாய் வலிக்குமா என்று எத்தனையோ தடவை ரிசீவரை அடித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் மெஷின் என்றால் அவரே வேறு மனிதர். எழுபது வயதிலும் தினம் காலையில் நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மில்லைச் சுற்றிவருவார். முனையை ஓடும் மெஷினின் பேரிங் மேல் வைப்பார். பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "இதுல ஆட்டம் இருக்குது, மாத்து" என்பார். ஒரு பேரிங்குக்கு அவர் கொடுத்த கவனத்தில் கால்வாசி எனக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மில்லுக்குப் பொன்விழா என்று சசிதர் போனில் கூப்பிட்டான். "நீங்க வாசிக்கோணுங்க்கா. நைனா மொத வரிசைல உக்காந்து முழுசாக் கேக்கறேன்னுட்டாருங்க" என்றான். வியன்னாவில் ஒப்புக்கொண்டிருந்த ஒரு தேதியைத் தள்ளிவைத்துவிட்டு வந்தேன். பொன்விழாவுக்காக இல்லை. நைனா ஒரே ஒரு முறை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை உட்கார்ந்து என்னைக் கேட்கவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சென்னையிலிருந்து சென்னகேசவன் என்ற சுருதிக்காரரை வரவழைத்தேன். அவர் ஒரு வாரம் பங்களாவிலேயே தங்கிப் பியானோவை ஒழுங்கு செய்தார். பிறகு மில் லாரியில் பஞ்சுமூட்டைகளுக்கு நடுவில் வைத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம். ஆயுத பூஜையன்று பியானோவுக்கும் பூஜை உண்டு, மறுநாள்வரை தொடக்கூடாது என்றார்கள். சரி, பூஜைக்கு வைத்ததை யாரும் தொடமாட்டார்கள், பத்திரமாக இருக்கும் என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போகவில்லை.

விஜயதசமி காலை மண்டபத்தில், என்னோடு வந்திருந்த சென்னகேசவன் முளையில் சுருதிச் சாவியை மாட்டித் திருகினார். வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது. கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"அம்மா, இனிமே இது நிக்காதும்மா" என்றார். "சாயங்காலத்துக்குள்ள எப்படியாவது ஏத்தி வைக்கிறேன். நீங்க ரெண்டு நிமிஷம் வாசிச்சீங்கன்னா மறுபடி எறங்கிடும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அப்போதுதான் நைனா வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் நாமம், முகம் நிறையச் சிரிப்பு. பின்னால் சசிதர். அவனுக்குப் பின்னால் மில் ஃபிட்டர் அங்கப்பன்.

"ஏங்கண்ணு, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?" என்றார் மண்டபத்துக்கே கேட்கும் குரலில். அவர் எப்போதும் அப்படித்தான். மில்காரர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள்.

"இதுல எண்ணெய் உட்டது யாருங்க?" நானும் கத்தினேன்.

"நாந்தான்!" என்றார். "என்ற கையால. வருசாவருசம் ஒண்ணாம் நம்பர் பிரேமுக்குத்தான மொத எண்ணெய் போடுவன்? இந்த வருசம் உன்ற பியானாவுக்கு. மொத மரியாதை உனக்கு! ஸ்பிண்டில் ஆயிலு, கண்ணு. இருக்கறதுலயே ஒசத்தி."

"ஆமாங் அம்மணி" என்றார் அங்கப்பன். "எங்களைத் தொடவே உடலீங்க. ஒவ்வொரு ஆணிக்கா நின்னு மொதலாளியே போட்டாருங்க."

ஒரு பியானோவை எத்தனையோ விதமாகக் கெடுக்கலாம். மழையில் விடலாம், எலிக்குக் கொடுக்கலாம், லாரியிலிருந்து கீழே போடலாம். சந்தனம் வைத்து, சாமி கும்பிட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கெடுக்க எங்கள் ஊர் மில் முதலாளியால்தான் முடியும். மோட்டார், பம்ப், ஸ்பிண்டில், பியானோ எல்லாம் ஒன்று. இரும்பு இருந்தால் எண்ணெய் போடு. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை! இருபது வருடமாக நான் செய்யும் தொழிலைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா? 

உட்கார்ந்து மேல்கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினேன். பழைய தகரத்தைத் தட்டினாற்போல் அசிங்கமாக வந்தது. "கேக்குதுங்களா? கேக்குதுங்களா நைனா?"

அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான இருக்குது" என்றார். "கட்டையெல்லாம் முன்னயவிட வழவழன்னு போவுது பாரு."

"கெட்டுப்போச்சு! அத்தனையும் கெட்டுப்போச்சு!"

"அக்கா, மெல்லப் பேசுங்க்கா" என்று சசிதர் குறுக்கே வந்தான். "பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சுங்க. கோபியில இருந்து சொந்தக்காரங்க அத்தனை பேரும் வாராங்க. ரெண்டே ரெண்டு வாசிச்சுப்போட்டு எந்திரிச்சுருங்க."

நைனா அவன் வாயைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். பிறகு என் தோளில் தட்டினார். "வாசி அம்மணி. முன்னப்பின்ன இருந்தாலும் இங்க யாருக்குத் தெரியப்போவுது?"

நான் லண்டனுக்குப் புறப்பட்டபோது பீளமேடு விமான நிலையத்தில் வைத்து அவர் சொன்ன வார்த்தையும் இதுதான். நீ அங்கே எவ்வளவு பெரிய ஆளாக வந்தாலும் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அன்று அழுதேன். இன்று அழுகை வரவில்லை.

"செரிங்க" என்றேன். "வாரேன். வாசிக்கறேன்."

மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்னால் பட்டுப்புடவைகளும் ஆலை முதலாளிகளும். நடுவில் கடைக்காரர்கள், ஸ்டாஃப். பின்னால் மில் தொழிலாளிகள், ஷிப்டு முடிந்து குளித்துத் தலைசீவிக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். உக்கடத்திலிருந்தும் போத்தனூரிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் அழைத்து வந்திருந்தார்கள். பக்கத்துப் பந்தியிலிருந்து நெய் வாசனை வந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில், நட்டநடுவில், நைனா. சசிதர் மைக்கில் என்னை உலகப் புகழ் என்றான், கொங்கு மண்ணின் பெருமை என்றான், என்னென்னவோ என்றான். கைதட்டினார்கள்.

உட்கார்ந்தேன். அன்றைக்கு வாசிப்பதாக வைத்திருந்த சொனாட்டாவைத்தான் தொடங்கினேன். சென்னகேசவன் பாவம், பகலெல்லாம் சாப்பிடாமல் முளைகளோடு மல்லுக்கட்டியிருந்தார். முதல் பக்கம் தாக்குப்பிடித்தது. அந்த ஒரு பக்கம் என் பியானோ என் பியானோவாகவே இருந்தது. இரண்டாவது பக்கத்தில் பலமாக வாசிக்கவேண்டிய இடம் வந்தது. வாசித்தேன். கம்பிகள் இறங்கத் தொடங்கின. மேல்பக்கம் ஒரு சுருதியில் போனது, கீழ்ப்பக்கம் இன்னொரு சுருதியில் போனது. இதையே இன்னும் ஒரு மணி நேரம் வாசித்து, எழுந்து கும்பிட்டு, மாலை வாங்கிக்கொண்டு போகலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

நிறுத்தினேன். எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க" என்றேன். இடது கையால் ஒரு கட்டையை அழுத்தினேன். வலது கையால் அதே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியில் அழுத்தினேன். மறுபடி இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். "இது ரெண்டும் ஒண்ணு சேரோணுமுங்க. சேருதுங்களா?"

முன்வரிசைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சசிதர் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று கையைக் கையை ஆட்டினான். நான் மறுபடி அழுத்தினேன். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "சேரலீங்க!" அதற்குப் பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? "சேரலீங்க, சேரலீங்க" என்று நாலு பக்கமிருந்தும் வந்தது. பட்டுப்புடவைகள்கூடச் சொன்னார்கள்.

"இங்க யாருக்குத் தெரியப்போவுதுன்னு எங்கிட்டச் சொன்னாங்க" என்றேன். "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்க!"

மண்டபமே ஒரே குரலில் கத்தியது. என் உடம்பில் சூடு ஏறியது. எத்தனையோ கைதட்டல்களை வாங்கியிருக்கிறேன். எதுவும் எனக்கு இப்படி இனித்ததில்லை. இப்போது பாருங்கள் என்று முன்வரிசையில் நைனாவைப் பார்த்தேன். தலைகுனிந்திருப்பார், இல்லை எழுந்து போயிருப்பார் என்று நினைத்தேன்.

அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவர்தான் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர். பக்கத்தில் இருந்தவர்களின் தொடையைத் தட்டி, "என்ற மக! எப்படிக் கத்தறாங்க பாரு!" என்றார் தன் பெரிய குரலில். பக்கத்தில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். ஊரே கூடித் தன் மகளைப் பாராட்டுகிறது என்று நினைத்துவிட்டார். நான் மேல்கட்டையை மட்டும் ஓங்கி அழுத்தினேன். அவர் கண் இமைக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கச்சேரி இவ்வளவுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொன்னேன். சசிதர் ஓடிவந்து எல்லோரும் சாப்பிட வாருங்கள் என்றான். ஜனம் எழுந்து பந்திக்குப் போனது.

நைனா மேடைக்கு ஏறிவந்தார். "ஏங்கண்ணு அதுக்குள்ள நிறுத்திப்போட்ட?"

நான் கையால் வாயை மறைத்துக்கொண்டு, "உங்களுக்குக் காது கேக்குதுங்களா?" என்றேன். சாதாரணக் குரலில்தான்.

அவர் என் கையையே பார்த்தார். அது வாயிலிருந்து இறங்கட்டும் என்று காத்திருந்தார். பக்கத்தில் சசிதர் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

கையை எடுத்துவிட்டுக் கத்தினேன். "எத்தனை வருசமா?"

"நீ சீமைக்குப் போறதுக்கு முன்னால இருந்தே" என்றார். முதன்முறையாக மெதுவாகப் பேசினார். "ரிங் பிரேம் சத்தம், கண்ணு. மொதல்ல சன்னமான சத்தமெல்லாம் போச்சு. பொறகு கொஞ்சங்கொஞ்சமா."

"ஏன் சொல்லல?"

"மொதலாளிக்குக் காது செவுடுன்னு தெரிஞ்சா டிபார்ட்மெண்ட்ல எவன் மதிப்பான்? வாங்க விக்க வாரவன் மூஞ்சிக்கு முன்னாலயே பேசிச் சிரிக்கமாட்டானா?"

"எங்கிட்ட? எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"உங்கிட்ட எப்படி அம்மணி சொல்றது?" என்றார். "நீ வாசிக்கறவ."

எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. மிலானில் காலியாகக் கிடந்த நாற்காலிகள், பேசாத போன், அம்மா செத்தபோதுகூட நான் நேரில் வரும்வரை அவரிடமிருந்து வராத ஒரு வார்த்தை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தது. இருபது வருடம் இந்த மனிதரை நான் வெறுத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெறுத்திருக்கவேண்டாம். மில்லில் நாலு பேர் மதிக்கவேண்டும் என்பதற்காக, மகள் வெறுத்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டார். கோபம் காலையில் இருந்ததைவிடப் பத்து மடங்கு ஏறியது.

"அப்ப எதுக்கு முழுசாக் கேக்கறேன்னு சொன்னீங்க? என்னத்தைக் கேக்கலாம்னு என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேடைக்குக் கீழே நின்ற அங்கப்பனிடம் கையை நீட்டினார். அங்கப்பனுக்கு எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இடுப்பிலிருந்து நீள ஸ்குரூடிரைவரை எடுத்துக் கொடுத்தார். நைனா பியானோவின் வயிற்றுக்குள் குனிந்தார். முனையை உள்ளே இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தார். பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"வாசி" என்றார்.

வாசித்தேன். அன்பாக இல்லை. விரல் நோக, அந்தச் சொனாட்டாவை ஆரம்பத்திலிருந்து அடித்தேன். அடிக்க அடிக்கக் கம்பிகள் இன்னும் இறங்கின. எல்லாம் அலறின. கீழ் ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த கம்பிகள் ஒன்றோடொன்று சேராமல் வம்வம் என்று அடித்துக்கொண்டன. பந்தியிலிருந்து சிலர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் நிறுத்தவில்லை. ஒரு பக்கம்கூட விடவில்லை. நைனாவும் நிமிரவில்லை. எழுபது வயதில், முதுகை வளைத்து, வேட்டி நுனி தரையில் புரள, கடைசிவரை அப்படியே நின்று கேட்டார்.

முடித்துவிட்டுக் கையை எடுத்தேன். அவர் கண்ணைத் திறந்தார். ஸ்குரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். எண்ணெய் மின்னிய முளைகளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆட்டம் இருக்குது கண்ணு" என்றார். "பேரிங் போன மெஷினாட்ட ஆடுது. நாந்தான் கெடுத்துப்போட்டன்."

"ஆமாங்க" என்று அவர் காதருகே போய்க் கத்தினேன். "நீங்கதான் கெடுத்தீங்க."

கேட்டது என்று தலையாட்டினார்.